ஷொக்குக்கு ஒயில் போடுறதை நிற்பாட்டுங்கோ

"பின் ஷொக் தானே தம்பி. ஒயில் போட்டு விடுவம். ஆறு மாசம் ஓடும்."

பழைய கார் வைத்திருக்கிற வீட்டில் வளர்ந்தவர்கள் எல்லோரும் இந்த வசனத்தைக் கேட்டிருப்பீர்கள். கராஜ்காரர் சொல்லுவார், அப்பாவோ மாமாவோ தலையாட்டுவார், பின்னேரம் கார் வீட்டுக்கு வந்துவிடும். டொக் டொக் சத்தம் குறைந்திருக்கும். எல்லோருக்கும் சந்தோசம்.

இந்த ஒரு வசனத்துக்குள்ளே மூன்று பொய் இருக்கு. ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்ப்போம்.

அதற்கு முதல், எனக்கு ஏன் இந்தக் கோபம் என்று சொல்லிவிடுகிறேன். போன மாரிக்கு மச்சானை விமானநிலையத்துக்கு ஏற்றிக்கொண்டு மாமாவின்ர கொரோலா 110 இல் போனோம். ஐந்து பேர், பின் டிக்கி நிறையப் பெட்டிகள். மதவாச்சி தாண்டி நல்ல மழை. முன்னுக்குப் போன பஸ் திடீரென்று ஓரங்கட்டியது. மாமா பிறேக் அடித்தார். அதே நேரம் ஒரு மதகின்ர மேடு. காரின்ர பின்பக்கம் எழும்பித் தத்தி, வலப்பக்கம் வழுக்கிக்கொண்டு போனது. எதிரே வாகனம் வரவில்லை, அவ்வளவுதான். கார் பாதி குறுக்காக நின்றது. ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அத்தை மட்டும் கட்டுநாயக்க வரைக்கும் வாய் திறக்கவில்லை.

மாமா மழையைப் பேசினார், பஸ்காரரைப் பேசினார். இரண்டு மாதத்துக்கு முதல்தான் பின் ஷொக் இரண்டுக்கும் "ஒயில் போட்டு" எடுத்திருந்தார். ஊருக்குத் திரும்பி வந்து காருக்குக் கீழே படுத்துப் பார்த்தேன். இரண்டு ஸ்ட்றட்டும் மேலிருந்து கீழ்வரை நனைந்து, புழுதி ஒட்டி, கறுத்துப்போய் இருந்தது.

முதல் பொய்: "பின் ஷொக் தானே"

எங்கட ஆக்களுக்கு ஷொக் என்றால் சொகுசு. குழி தெரியாமல் போகிறதுக்கு, கிழவி தலை இடிபடாமல் இருக்கிறதுக்கு. அதனால்தான் "தானே" என்று சொல்ல வருகிறது. பிறேக்கை "பிறேக் தானே" என்று ஒருவரும் சொல்லுவதில்லை.

காரின்ர பாரத்தைத் தாங்குவது ஸ்பிரிங். ஷொக் இல்லை. "பின்பக்கம் பதிஞ்சிட்டுது, ஷொக் போட்டுது" என்று சொல்லுகிறோமே, அது பெரும்பாலும் ஸ்பிரிங் தளர்ந்ததால் வருவது. ஷொக்கின்ர வேலை வேறு. அமுங்கின ஸ்பிரிங் திரும்ப எழும்பும், எழும்பினது திரும்ப அமுங்கும். விட்டால் ஊஞ்சல் மாதிரி ஆடிக்கொண்டே இருக்கும். அந்த ஆட்டத்தை நிற்பாட்டுவதுதான் ஷொக். உள்ளே ஒரு பிஸ்டன், அதிலே சின்னச் சின்ன வால்வுகள், சுற்றி ஒயில். பிஸ்டன் அசையும்போது ஒயில் அந்த ஒடுங்கின வழிகளுக்குள்ளால் நெருக்கிக்கொண்டு போக வேண்டும். அந்த நெருக்கத்தில் ஆட்டத்தின்ர சக்தி சூடாக மாறிப்போகும்.

இது வேலை செய்யாவிட்டால் என்ன நடக்கும்? சில்லு றோட்டை விட்டு எழும்பும். ஒவ்வொரு ரயரும் றோட்டைத் தொடுகிற இடம் கிட்டத்தட்ட ஒரு உள்ளங்கை அளவுதான். பிறேக், ஸ்ரியறிங், மழையில் பிடிமானம் எல்லாமே அந்த நான்கு உள்ளங்கைகளில் தங்கியிருக்கு. பிறேக் அடிக்கும்போது பாரம் முன்னுக்குப் போகும், பின்சில்லுகள் ஏற்கனவே லேசாகிவிடும். அந்த நேரத்தில் ஒரு மேடு வந்தால், செத்த ஷொக் உள்ள சில்லு தத்தும். தத்துகிற சில்லுக்குப் பிடிமானம் இல்லை. பின்பக்கம் எந்தப் பக்கம் போக நினைக்குதோ அந்தப் பக்கம் போகும். 70 கிலோமீற்றர் வேகத்தில் ஒரு செக்கனுக்கு 19 மீற்றருக்கு மேல் ஓடுகிறோம். "தானே" என்று சொல்லி முடிக்கவே அந்த ஒரு செக்கன் போய்விடும்.

இன்னொன்றும் இருக்கு. முன்சில்லு வழுக்கினால் கார் திரும்பாமல் நேரே போகும். கால் எடுத்தால், வேகம் குறைந்தால், பெரும்பாலும் திரும்பப் பிடிக்கும். பின்சில்லு வழுக்கினால் கார் சுழலும். பழகாதவர் கையில் அது திரும்பி வருவது கஷ்டம். ஆகவே முன்னுக்குப் புதுசும் பின்னுக்கு "சமாளிப்பும்" என்ற எங்கட வழக்கம் தலைகீழான வழக்கம்.

கொரோலா 110 மாதிரிக் கார்களில் பின்னுக்கு இருப்பது வெறும் ஷொக்கும் இல்லை, ஸ்ட்றட். ஃபோர்ட் பொறியியலாளர் ஏர்ள் மக்பேர்சன் வடிவமைத்து, 1950 களின் தொடக்கத்தில் இங்கிலாந்தின் ஃபோர்ட் கார்கள் மூலம் பரவிய அமைப்பின்ர வழிவந்தது. ஸ்பிரிங் அதன் மேலேயே உட்காரும். அதன் கீழ்ப்பக்கம் சில்லுத் தாங்கியோடு போல்ட் பண்ணியிருக்கும். அதாவது சில்லை நிமிர்த்திப் பிடிக்கிற எலும்பே அதுதான். திருப்பங்களில் வருகிற பக்கவாட்டு அழுத்தத்தையும் அது தாங்க வேண்டும். அதின்ர உள்ளே புஷ் தேய்ந்தால் ஆட்டம் மட்டும் கூடாது, சில்லு நிற்கிற கோணமே மாறும்.

இரண்டாம் பொய்: "ஒயில் போட்டு விடுவம்"

ஒயில் போடுவது எப்படி என்று பார்த்திருக்கிறீர்களா? நான் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். ஸ்ட்றட்டின்ர குழாயில் ஒரு ஓட்டை துளைப்பார்கள். பழைய ஒயிலை வடிப்பார்கள். கையில் இருக்கிற ஏதோ ஒரு ஒயிலை ஊற்றுவார்கள். ஓட்டையை வெல்டிங் வைத்து அடைப்பார்கள். கறுப்புப் பெயின்ற் ஒரு கோட். முடிந்தது.

இப்போது யோசியுங்கோ. ஒயில் ஏன் குறைந்தது? மேலே தண்டு வெளியே வருகிற இடத்தில் உள்ள சீல் தேய்ந்ததால். அல்லது தண்டின்ர குரோம் பூச்சில் துருக் குழி விழுந்து அது சீலை அறுத்ததால். ஒயிலை ஊற்றினால் சீல் புதுசாகுமா? ஓட்டை வாளிக்குத் தண்ணி நிரப்புகிற வேலை இது. அதோடு முடியவில்லை. துளைக்கும்போது இரும்புத் தூள் உள்ளே விழும். அது வால்வுகளுக்குள் போய் இருக்கும். ஒயிலின்ர தடிப்பு கொஞ்சம் மாறினாலே நெருக்கத்தின்ர அளவு மாறும். எஞ்சின் ஒயிலும் ஷொக் ஒயிலும் ஒன்றில்லை. இரண்டு பக்கமும் ஒரே அளவு ஊற்றினார்களா என்று ஒருவருக்கும் தெரியாது. இடது ஒரு விதம், வலது ஒரு விதம். காஸ் அடைத்த ஸ்ட்றட் என்றால் துளைத்தவுடனே காஸ் போய்விட்டது. அதைத் திரும்ப அடைக்கிற வசதி அந்த மேசையில் இல்லை. காஸ் இருப்பதே ஒயில் நுரைக்காமல் இருக்கத்தான். நுரைத்த ஒயில் பிஸ்டனைப் பிடிக்காது. அழுத்தத்தோடு இருக்கிற குழாயைத் துளைக்கிறதும், ஒயில் ஊறின குழாயில் வெல்டிங் வைக்கிறதும் அங்கே நிற்கிற பெடியனுக்கும் ஆபத்து. இதை ஒருவரும் பேசுவதில்லை.

இந்தப் பழக்கம் எங்கே இருந்து வந்திருக்கும்? என்ர ஊகம் இது. மொறிஸ் மைனர் இங்கே ஓடின, இன்னும் ஓடுகிற கார். அதன் ஷொக் வேறு விதம்: கை வைத்த பெட்டி மாதிரி இருக்கும், மேலே ஒரு மூடி, அதைத் திறந்து ஒயில் குறைந்தால் ஊற்றலாம். அது பராமரிப்பிலேயே சேர்ந்த வேலை. அதைச் செய்த தாத்தா பிழை செய்யவில்லை. அவருக்குப் பிறகு கார் மாறியது, ஷொக் மாறியது, வசனம் மட்டும் மாறவில்லை. இன்றைக்கு ஓடுகிற பெரும்பாலான ஸ்ட்றட்டுகள் தொழிற்சாலையிலேயே மூடி வருபவை, திறக்கிறதுக்குச் செய்யப்பட்டவை இல்லை.

நேர்மையாக ஒரு விதிவிலக்கையும் சொல்ல வேண்டும். பழைய சில கார்களின்ர ஸ்ட்றட்டில் மேலே பெரிய மரையாணி இருக்கும். அதைக் கழற்றி உள்ளே இருப்பதை முழுதாக எடுத்துவிட்டு, புதிய காட்றிஜ் ஒன்றை இறக்கலாம். அது திருத்தம். அதற்கு நான் எதிரி இல்லை. துளைத்து, ஊற்றி, வெல்ட் அடிப்பது திருத்தம் இல்லை. பெயின்ற் அடித்த பழசு.

மூன்றாம் பொய்: "ஆறு மாசம் ஓடும்"

ஓடும்தான். கார் ஓடும். ஷொக் செத்தாலும் கார் நிற்காது, அதுதான் பிரச்சினையே. பற்றி செத்தால் ஸ்ரார்ட் ஆகாது, கிளச் போனால் நகராது. ஷொக் மட்டும் சத்தமில்லாமல், நாள் நாளாகச் சாகும். நாங்களும் நாள் நாளாகப் பழகிக்கொள்ளுவோம். ஓட்டுகிறவருக்குத் தெரியவே தெரியாது. வெளிநாட்டில் இருந்து வந்த சித்தப்பா ஒரு நாள் ஓட்டிப் பார்த்துவிட்டு "என்னடா இது படகு மாதிரி" என்று சொல்லும்போதுதான் தெரியும். அப்போதும் அவரைத்தான் "இவருக்கு லண்டன் றோட்டுப் பழகிப்போச்சு" என்று நக்கலடிப்போம்.

ஆறு மாதக் கணக்கைக் காசாகவும் பார்ப்போம். ஒயில் போட்ட கூலி, கழற்றிப் பூட்டின கூலி, திரும்ப ஆறு மாதத்தில் அதே கூலி. நடுவில் ரயர். தத்துகிற சில்லு ரயரைச் சமனாகத் தேய்க்காது. அங்கங்கே கிண்ணம் கிண்ணமாகத் தின்னும். ஒரு நாள் உங்கட காரின்ர பின் ரயரின் மேல் உள்ளங்கையை வைத்துச் சுற்றித் தடவிப் பாருங்கோ. மேடு பள்ளமாகத் தட்டுப்பட்டால் ஷொக்கைச் சந்தேகியுங்கோ. அரைவாசி ஆயுளில் ஒரு சோடி ரயரை எறிந்துவிட்டு "ஷொக்கில காசு மிச்சம் பிடிச்சன்" என்று சொல்லுவதில் என்ன கணக்கு?

"காசு எங்க கிடக்கு?"

இப்போது உண்மையான எதிர்வாதத்துக்கு வருவோம். இதை நான் இலேசாகத் தட்டிவிட மாட்டேன்.

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்றது. தனியார் கார்களுக்குக் கதவு திரும்பத் திறந்தது 2025 பெப்ரவரியில். அதுவும் வரியோடு பார்த்தால் எங்களில் கனபேருக்குத் திறந்தும் திறக்காத கதவுதான். நடுவில் 2022 இல் டொலர் 200 ரூபாயில் இருந்து 360 க்குப் போனது. உதிரிப்பாகம் எல்லாம் டொலரில் வருகிற சாமான். 2000 ஆம் ஆண்டோடு உற்பத்தி முடிந்த ஒரு காரை, இருபத்தைந்து வருடம் தாண்டியும், ஹயருக்கு ஓடிக் குடும்பம் பார்க்கிற ஒருவரிடம் போய் "புதுசு போடு" என்று சொல்ல எனக்கும் வாய் கூசுகிறது.

ஆனால் இதற்குள்ளே இன்னொரு கதையையும் சேர்த்துப் பூசுகிறோம். "எங்கட ஆக்கள் எதையும் திருத்துவினம்." பொருளாதாரத் தடை நாட்களில் மண்ணெண்ணெயில் கார் ஓட்டின சனம் நாங்கள். காபரேற்றருக்குள் கொஞ்சம் பெற்றோல் பீச்சி ஸ்ரார்ட் பண்ணி, பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்றி ஓடினதை வீட்டுப் பெரியவர்கள் சொல்லக் கேட்டு வளர்ந்திருக்கிறோம். அந்தப் பெருமை எனக்கும் உண்டு. ஆனால் அன்றைக்கு ஒருவரும் மண்ணெண்ணெயைப் பெற்றோல் என்று சொல்லி விற்கவில்லை. புகை வரும், எஞ்சின் கெடும், வேறு வழியில்லை என்று ஓட்டினவருக்கும் ஏறினவருக்கும் தெரியும். இன்றைக்கு நடப்பது அது இல்லை. செத்த ஸ்ட்றட்டுக்குக் கறுப்புப் பெயின்ற் அடித்து "செய்தாச்சு" என்று கையில் கொடுப்பது தடைக்காலத்துத் திறமையின்ர வாரிசு இல்லை. அந்தப் பேரை வைத்து நடக்கிற ஏமாற்று.

காசு இல்லை என்றால் அதை அப்படியே சொல்லுவோம். "அண்ணை, ஷொக் ரெண்டும் செத்திட்டுது. ஒயில் போட்டாலும் சரி வராது. காசு சேரும் வரைக்கும் மெதுவா ஓடுங்கோ, மழையில தூரம் விட்டு ஓடுங்கோ, பாரம் ஏத்தாதேங்கோ." இதைச் சொல்லுகிற மெக்கானிக் ஒரு சதம் செலவு வைக்காமல் உயிரைக் காப்பாற்றுகிறார். "ஆறு மாசம் ஓடும்" என்று சொல்லுகிறவர் காசையும் வாங்கி, பயத்தையும் எடுத்துவிடுகிறார். பயம் இல்லாத மாமாதான் மழையில் பஸ்ஸுக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டு போனார்.

இனி எங்களுக்கு. ஆம், இதை வாசிக்கிற உங்களுக்கும் எனக்கும். "காசு இல்லை" என்பது எல்லோருக்கும் உண்மை இல்லை. பின் ஸ்ட்றட்டில் ஒயில் வழியிற காருக்கு அலோய் வீல் போடுகிறோம். சப்வூஃபர் பூட்டுகிறோம். காரைத் தாழ்த்துகிறோம் என்று ஸ்பிரிங்கில் ஒரு சுற்றை வெட்டி எறிகிறோம். வெட்டின ஸ்பிரிங் விறைக்கும், ஷொக் அசைகிற தூரம் குறையும், அடித்தட்டில் போய் இடித்து இடித்து மிச்ச உயிரும் போகும். முகநூலில் படம் போடும்போது அலோய் தெரியும், ஸ்ட்றட் தெரியாது. இவ்வளவுதான் எங்கட பொருளாதாரக் கஷ்டம்.

அரசாங்கத்தின்ர பங்கு

வருடா வருடம் வாகன வருமான அனுமதிப்பத்திரம் எடுக்கிறோம். காப்புறுதி கேட்கும், புகைப் பரிசோதனை கேட்கும். பஸ், லொறிக்குத் தகுதிச் சான்றிதழ் கேட்கும். உங்கட தனிப்பட்ட காரின்ர பிறேக் பிடிக்குதா, ஷொக் வேலை செய்யுதா என்று ஒருவரும் கேட்பதில்லை. இதே கார் ஜப்பானில் ஓடின காலத்தில் பொதுவாக இரண்டு வருடத்துக்கு ஒருமுறை ஷக்கென் சோதனைக்குப் போயிருக்கும். ஒயில் வழிகிற ஷொக்கோடு அங்கே சித்தியடைய முடியாது. லண்டனில் இருக்கிற சித்தப்பாவின்ர கார் மூன்று வயதுக்குப் பிறகு ஒவ்வொரு வருடமும் எம்.ஓ.டி. சோதனைக்குப் போகிறது, அங்கேயும் மோசமாக வழிகிற ஷொக் தோல்விதான். புகை காற்றைக் கெடுக்கும், சோதிக்கத்தான் வேணும். ஆனால் புகை சுத்தமான ஒரு கார் மழையில் குறுக்காக நின்றால் அந்தச் சான்றிதழை வைத்து என்ன செய்யிறது?

சோதனை கொண்டுவந்தால் அது இன்னொரு லஞ்சப் படலை ஆகும் என்று சொல்லுவீர்கள். அந்தப் பயம் நியாயம். ஆகவே தண்டத்தில் தொடங்க வேண்டாம். பழுதைச் சொல்லி, கால அவகாசம் கொடுக்கிற சோதனையில் தொடங்கட்டும். பிறேக், ஷொக், ரயர் மாதிரி உயிரோடு சம்பந்தப்பட்ட பாகங்களின் வரியைக் குறைக்கட்டும். சொகுசுக்கு வரி போடுங்கோ, ஸ்ட்றட் சொகுசுச் சாமான் இல்லை.

அதுவரைக்கும் நாங்கள் செய்யக்கூடியது

காரின்ர பின்மூலையை உடம்புப் பாரத்தால் அமுக்கி விடுங்கோ. ஒருமுறை எழும்பி அடங்க வேணும். இரண்டு மூன்று தரம் ஆடினால் ஷொக் செத்துவிட்டது. ஆடாவிட்டால் நல்லது என்று நினைக்க வேண்டாம். இந்தச் சோதனை முழுதாகச் செத்ததை மட்டும்தான் பிடிக்கும். கீழே குனிந்து பாருங்கோ. லேசான ஈரப்பூச்சு பரவாயில்லை, வழிந்து நனைந்திருந்தால் முடிந்தது. டொக் டொக் சத்தம் என்றவுடனே ஷொக் என்று முடிவெடுக்கவும் வேண்டாம். மேல் மவுண்டின்ர றப்பரோ, லிங்கோ, புஷ்ஷோ இருக்கலாம். அதைப் பார்க்காமல் ஷொக்கை மாற்றினாலும் சத்தம் போகாது.

மாற்றினால் இரண்டு பக்கமும் ஒன்றாக மாற்றுங்கோ. மேல் மவுண்ட், பம்ப் ஸ்டொப், தூசி மறைப்பு பழுது என்றால் அதையும் சேர்த்து. புதுசுக்கு வசதி இல்லாமல் பஞ்சிகாவத்தையிலோ ஊரிலோ ஜப்பான் பாவித்த ஸ்ட்றட் எடுப்பதாக இருந்தால், தண்டைப் பாருங்கோ: துருக் குழி, கீறல் இருக்கக்கூடாது. நிமிர்த்தி வைத்து, ஸ்பிரிங் இல்லாமல், முழுத்தூரம் அமுக்கி இழுத்துப் பாருங்கோ. எங்கேயும் வெறுமையாக விழாமல் ஒரே சீராக எதிர்க்க வேணும். குழாயில் வெல்டிங் தழும்போ புதுப் பெயின்ற்றோ இருந்தால் வைத்துவிட்டு வாங்கோ. அதுவும் எத்தனை வருடம் ஓடினது என்று தெரியாத சாமான்தான். இருந்தாலும் துளைத்த குழாயை விட மேல்.

ஒரு எச்சரிக்கை. யூரியூப் பார்த்துவிட்டு நீங்களே நடு நட்டைக் கழற்ற வெளிக்கிட வேண்டாம். அமுங்கின ஸ்பிரிங், கம்பிரசர் கிளம்பு போடாமல் கழற்றினால் முகத்தைக் கொண்டுபோகும். கராஜில் செய்யும்போது பக்கத்தில் நில்லுங்கோ. தண்டைக் குறட்டால் பிடிக்க விடாதேங்கோ, அந்தக் கீறல்தான் நாளைக்குச் சீலை அறுக்கும். றப்பர் புஷ் உள்ள போல்ட்டுகளைக் காரை நிலத்தில் இறக்கின பிறகு இறுக்கச் சொல்லுங்கோ. முடிந்தபின் வீல் அலைன்மென்ற் பாருங்கோ. பழைய பாகத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டு வாங்கோ. அது உங்கட சாமான். கராஜில் விட்டால் பெயின்ற் அடித்து இன்னொருவருக்குப் போகும்.

மாமாவின்ர காருக்குச் சீட்டுக்காசு எடுத்துப் புதுச் சோடி போட்டோம். முதல்நாள் ஓட்டிவிட்டு வந்து, "இவ்வளவு நாளும் நான் என்னத்தையடா ஓட்டினனான்?" என்று கேட்டார். அந்தக் கேள்வியை அவர் மதவாச்சிக்கு முதல் கேட்டிருக்க வேணும். கேட்க விடாமல் பண்ணினது அந்த ஒரு வசனம். இனி உங்களிடம் ஒருவர் "பின் ஷொக் தானே" என்று தொடங்கினால், மிச்சத்தைச் சொல்ல விடாதேங்கோ. "வேண்டாம் அண்ணை, கழட்டிக் காட்டுங்கோ" என்று சொல்லுங்கோ.